இன்னும் கொஞ்சம்

சாப்பாட்டைப் பற்றி மனிதர்கள் சொல்லும் வார்த்தைகளில் பாதிக்கு மேல் பொய் என்பது மாஸ்டரின் கட்சி. அவர் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. மீசை கறுப்பாக இருந்த காலம் தொட்டு அடுப்படியில் நின்றவர். அவர் சாப்பாட்டுக் கடையில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தட்டு நீட்டுவதற்கென்று ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியே தட்டு வெளியே போகும், வார்த்தை உள்ளே வரும். 'அருமை' என்கிறவர் மறுபடி வரமாட்டார். 'சூப்பர்' என்கிறவர் போனைப் பார்த்துக்கொண்டே சொல்வார், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் முழிப்பார். 'அப்படியே வீட்டுச் சாப்பாடு' என்று உருகுகிறவர் வீட்டில் அடுப்பு பற்றவைத்து மாதக்கணக்காகியிருக்கும். 'வித்தியாசமா இருக்கு' என்று யாராவது சொல்லிவிட்டால் உடனே போய்க் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். 'நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் பசியில்ல' என்பது மரியாதை தெரிந்தவர்கள் திட்டுகிற முறை.

அவர் நம்பிய வார்த்தைகள் இரண்டே இரண்டு. ஒன்று, தட்டை முன்னால் நகர்த்தி 'இன்னும் கொஞ்சம்' என்பது. அதைப் பொய்யாகச் சொல்லவே முடியாது, சொன்னவர் உட்கார்ந்து தின்று தீர்க்க வேண்டுமே. இன்னொன்று, அவர் மனைவியின் 'பரவாயில்ல'.

அந்த அம்மாளுக்கு அதற்கு மேல் பாராட்டத் தெரியாது. கல்யாணத்தன்று சிநேகிதிகள் சுற்றி நின்றுகொண்டு மாப்பிள்ளை எப்படி என்று கேட்டதற்கும் 'பரவாயில்ல' என்றவள்தான். சமையல் சரியில்லை என்றால் பூசி மெழுகவும் தெரியாது. "இதை யாரு திங்கிறது?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். அதனால் கடை திறப்பதற்கு முன்னால் தினமும் மாஸ்டர் கரண்டியோடு வந்து நிற்பார். அவள் உள்ளங்கையை நீட்டுவாள். ஒரு சொட்டு விழும். நக்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்ல என்றால் கதவு திறக்கும். வாடிக்கையாளர்களுக்கெல்லாம் இது தெரியும், அவளுக்குப் 'பரவாயில்லக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கடைக்குப் பெயர் கிடையாது. வாசல் பலகையில் 'குடும்பத்தோடு சாப்பிடும் இடம்' என்று மட்டும் எழுதியிருக்கும். "அப்போ தனியா வந்தா சோறு கிடையாதா?" என்று கேட்காத குறும்புக்காரன் அந்தத் தெருவில் இல்லை. ஆனால் பலகை பொய் சொல்லவில்லை. சுவரோரம் நீளமேசை, பெரிய குடும்பம் மொத்தமும் ஒரே வரிசையில் உட்காரலாம். குழந்தைகளுக்கு உயரமான நாற்காலி ஒன்று, ஒரு கால் கொஞ்சம் கட்டை, அதற்குக் கீழே மடித்த அட்டை. கைக்குழந்தையோடு வருகிற பெண்ணைப் பார்த்தால் அக்கா கல்லாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவாள். "நீ நிம்மதியா சாப்பிடும்மா, இவனை நான் வச்சுக்கிறேன்" என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கல்லாவுக்கும் நடப்பாள். சூடு ஆறாமல் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்று அந்தப் பெண்கள் சொல்லும்போது ஜன்னலுக்குப் பின்னால் மாஸ்டருக்கு மனசு நிறைந்துவிடும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசுவதும் இல்லை.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் பலருக்கும் வந்த காய்ச்சல்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டார்கள், கடையைச் சாத்திவிட்டு எதிரெதிர் கட்டிலில் இருமிக்கொண்டு கிடந்தார்கள். எழுந்து வந்து அடுப்பு மூட்டிய முதல் நாள் மாஸ்டர் பூண்டு வதக்கினார். வாசனை வரவில்லை. குனிந்து முகத்தைச் சட்டிக்குள் விடாத குறையாக இழுத்துப் பார்த்தார், ஆவி முகத்தைச் சுட்டதே தவிர வேறொன்றும் இல்லை. குழம்பை நாக்கில் வைத்தார். வெந்நீர். உப்பை ஒரு கல் எடுத்துப் போட்டுக்கொண்டார். கல்.

டாக்டரிடம் போய், தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி என்று கதை கட்டிக் கேட்டார். "சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது" என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வாரங்கள் போயின, திரும்பி வரவில்லை. சமையல்காரனுக்கு நாக்கு செத்துவிட்டது என்று வெளியே தெரிந்தால் கதை முடிந்தது, தெருவே சிரிக்கும். மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். கைக்கு அளவு தெரியும், தப்பினால் அவள் இருக்கிறாள் என்று தைரியம் சொல்லிக்கொண்டார். அவள் நாக்கு ஒன்று போதாதா இரண்டு பேருக்கு?

கரண்டி போயிற்று, உள்ளங்கை வந்தது.

"எப்படி?"

"பரவாயில்ல."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடினார். ஆனால் கைக்குத் தெரிந்த அளவு என்பது பழைய மிளகாய்த்தூளுக்கும் பழைய உப்புக்கும்தான். கடைக்காரர் சரக்கை மாற்றினால் கைக்கு எப்படித் தெரியும்? வறுக்கிற பொருள் எப்போது பக்குவத்துக்கு வந்தது என்று மூக்குதான் சொல்ல வேண்டும், கண் எப்போதுமே கொஞ்சம் தாமதம். சந்தேகம் வேறு. போட்டோமா போடவில்லையா என்று தயங்கித் தயங்கி இன்னொரு சிட்டிகை விழும்.

கூடத்தில் வார்த்தைகள் மாற ஆரம்பித்தன. கரண்டி தட்டுக்கு வருவதற்கு முன்பே 'போதும் போதும்' என்று கை மறித்தது. 'மிச்சத்தைப் பார்சல் கட்டிடுங்க' என்றார்கள், கட்டிய பார்சலை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்கள். 'வித்தியாசமா இருக்கு' ஒரே வாரத்தில் மூன்று நான்கு தடவை வந்தது. 'இன்னும் கொஞ்சம்' எங்கேயோ போய்விட்டது. பாத்திரம் கழுவுகிற அம்மாள் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவர ஆரம்பித்தாள். சாப்பாட்டுக் கடையில் வேலை, கையில் கட்டுச்சோறு! கேட்டதற்கு, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்றாள். கொஞ்ச நாளில் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று வேலையை விட்டும் நின்றுகொண்டாள். யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அத்தனை பேரும் நல்லவர்கள், அதுதான் வினை.

அக்காவிடமும் சில மாற்றங்கள் தெரிந்தன. முன்பெல்லாம் பால் பாத்திரத்தைத் திறந்த உடனே, "இது நாளைக்குத் தாங்காது" என்பாள். இப்போது அவரிடம் நீட்டினாள்.

"பால் நல்லா இருக்கா, பாருங்க."

தன்னைச் சோதிக்கிறாளோ என்று மாஸ்டருக்குத் திக்கென்றது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிதானமாக இழுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு."

"அதானே" என்று வாங்கிக்கொண்டாள்.

தன் தட்டில் மட்டும் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிக்கொண்டு சாப்பிடவும் ஆரம்பித்திருந்தாள். வயிறு என்னத்துக்கு ஆகும் என்று அவர் கேட்டார். "காய்ச்சலுக்கு அப்புறம் காரம் கேக்குது" என்றாள். கேட்கும்தான் என்று அவரும் விட்டுவிட்டார்.

கூடத்தில் இரண்டு பேரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் கட்டடத்துக்காரர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. "மருந்துக் கடைக்காரர் இந்த இடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. உங்களை அனுப்ப எனக்கு மனசில்ல. ஆனா ஆளே வரலையே மாஸ்டர், சும்மா எதுக்கு இழுத்துப் பிடிக்கிறீங்க? இந்த மாசம் பாருங்க. கூட்டம் திரும்பிச்சுன்னா நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார்.

இந்தக் கடை போனால் இருவருக்கும் வேறு எதுவும் தெரியாது. போக ஒரு வீடும் இல்லை, கடைக்குப் பின்னால் இருந்த அறைதான் வீடு.

அப்போதுதான் டிரைவர் வந்தார். பஸ் ஓட்டுகிறவர், மனைவியும் மூன்று பெண்களும் பேத்தியுமாக ஞாயிறு தவறாமல் நீளமேசையில் உட்கார்ந்தவர். 'இன்னும் கொஞ்சம்' என்று ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கொஞ்ச நாளாக அவரையும் காணோம்.

"டியூட்டியை மாத்தி மாத்திப் போட்டுட்டாங்க மாஸ்டர்" என்றார். பிறகு முகம் மலர்ந்து, "ரிட்டயர் ஆகுறேன். டிப்போ ஆளுங்க எல்லாரும் குடும்பத்தோட வராங்க, மத்தியானச் சாப்பாடு. பெரிய பெரிய ஓட்டலா சொன்னாங்க. நான் முடியவே முடியாது, நம்ம மாஸ்டர் கடைதான்னு அடம் பிடிச்சுட்டேன். மானத்தைக் காப்பாத்திடுங்க" என்று சிரித்தார்.

டிப்போ முழுக்க, குடும்பத்தோடு. அவர்களில் பாதிப் பேர் மறுபடி வந்தாலே போதும், கடை பிழைத்துக்கொள்ளும். அன்றைக்கு அக்கா எங்கிருந்தோ பழைய துணியைக் கொண்டுவந்து பலகையைத் துடைத்தாள். மாஸ்டர் நாற்காலிக்கு அடியில் அட்டையைப் புதிதாக மடித்து வைத்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தது அன்று ஒரு நாள்தான்.

விருந்தன்று விடிந்ததிலிருந்து இருவருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரிய பானையில் கோழிக் குழம்பு. அதை அடுப்பில் ஏற்றிவிட்டு மேசைகளை ஒட்டிப் போட, தண்ணீர் பிடிக்க, பக்கத்துக் கடையில் இரவல் நாற்காலி வாங்க என்று மாஸ்டர் வெளியே ஓடினார். திரும்பி வந்து கிளறும்போது கரண்டி அடியில் லேசாகப் பிடித்தது. கிளறுவதை நிறுத்தினார். மறுபடி மெல்ல விட்டுப் பார்த்தார். சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. அடிப்பிடித்துவிட்டதா, எலும்புத் துண்டா? மூக்கு இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. மேலாகப் பார்த்தால் குழம்பு தளதளவென்று அழகாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

கரண்டியில் எடுத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"நல்லா பாத்துச் சொல்லு. இன்னைக்கு ரொம்ப முக்கியம்."

அவள் உள்ளங்கையை நீட்டினாள். நக்கினாள். கண்ணை மூடி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"பரவாயில்ல" என்றாள்.

மாஸ்டருக்கு மூச்சு வந்தது. அவருடைய கை ஒன்று சொன்னது, அவள் ஒன்று சொன்னாள், அவர் அவளைத்தான் நம்பினார்.

பஸ்ஸே வாசலில் வந்து நின்றதுபோல் கூட்டம் இறங்கியது. பாட்டுச் சத்தம், பிள்ளைகள், இடுப்பில் ஒன்று கையில் ஒன்று. அக்கா வாசலில் நின்று, "வாங்க வாங்க, எல்லாரும் உள்ள வாங்க, இடமெல்லாம் இருக்கு" என்று ஒவ்வொருவரையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டிருந்தாள். டிரைவரின் பேத்தி படியேறியதும் நின்றுவிட்டாள். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, என்னமோ தீயுது."

"ஷ்!" என்று அவள் அம்மா கையைப் பிடித்து அழுத்தினாள்.

அக்கா குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். "தீயுதா? இங்க ஒண்ணும் தீயலையே கண்ணு. வா, உனக்கு உயர நாற்காலி போட்டு வச்சிருக்கேன்."

அதை அவள் மனதார, சிரித்துக்கொண்டே சொன்னாள். ஜன்னல் வழியே மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் அத்தனை முகங்களும் ஒரே மாதிரி சுருங்கியிருந்தன. ஒருவர் கைக்குட்டையை எடுத்தார், ஒரு பெண் முந்தானையை மூக்கருகில் கொண்டுபோய்விட்டு, பண்பு கருதி இறக்கிக்கொண்டாள். அந்தக் கூட்டத்திலேயே சுருங்காத முகம் அவள் முகம் ஒன்றுதான்.

அவருக்குப் புரிந்தது. தலையில் இடி விழுந்தால்கூட இவ்வளவு அமைதியாக விழாது. பாலை ஏன் நீட்டினாள், மிளகாய்த்தூளை ஏன் கொட்டிக்கொண்டாள், எல்லாம் அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

அவள் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு வேகமாக ஜன்னலுக்கு வந்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கு வாசனை வரலையா?" என்றார் மாஸ்டர், மெல்ல.

அவள் அவரையே பார்த்தாள்.

"உங்களுக்கு?" என்றாள்.

பதில் சொல்ல நேரமில்லை. தட்டுகள் வைத்தாயிற்று, பிள்ளைகள் பசியில் மேசையைத் தட்டின. வேறு குழம்பு வைக்க வழியில்லை. மாஸ்டர் வெளியே வந்து நின்று, "ஒரு நிமிஷம், இன்னைக்குக் குழம்பு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். டிரைவர் குறுக்கிட்டுவிட்டார். "அட போடுங்க மாஸ்டர், பசி உயிர் போகுது!"

அடியைத் தொடாமல் மேலாக எடுத்துப் போட்டார்கள். பானை முழுக்க ஏறிவிட்ட தீய்ந்த நாற்றத்துக்கு மேல் என்ன, கீழ் என்ன? முதல் வாய் உள்ளே போனது. பிறகு ஒவ்வொருவராகத் தொடங்கினார்கள். நல்லா இருக்கு மாஸ்டர். அருமை. அப்படியே வீட்டுச் சாப்பாடு. எங்க வீட்டுக்காரிகூட இப்படி வைக்க மாட்டா. அவர் வாழ்நாள் முழுக்கக் கேலி செய்த வார்த்தைகள் அத்தனையும் வரிசையில் வந்து நின்றன. ஒரு ஆள்கூட முகம் சுளிக்கவில்லை. வெறும் சோற்றையும் ரொட்டியையும் தின்றுவிட்டு, குழம்பைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி, மேலே எலும்பை வைத்து மறைத்தார்கள். சண்டை போட்டிருந்தால், தட்டை வீசியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் என்றிருந்தது.

கரண்டியோடு நீளமேசையின் கோடிக்குப் போனார். டிரைவர் நிமிர்ந்தார். மாஸ்டரின் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு தட்டை முன்னால் நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படி, பழைய ஞாயிற்றுக்கிழமைக் குரலில்.

மாஸ்டர் கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேண்டாங்க" என்றார், வாய்க்குள்ளேயே.

"போடுங்க மாஸ்டர்."

போட்டார். டிரைவர் சோற்றைப் பிசைந்து வாய்வாயாக விழுங்கினார், ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்தார். பேத்தி தாத்தாவின் முழங்கையைப் பிடித்து, "தாத்தா, நெஜமா நல்லா இருக்கா?" என்று கேட்டாள். "பேசாம சாப்பிடு" என்றார் அவர். தட்டை வழித்துக் காட்டினார். உலகத்தில் மாஸ்டர் நம்புவதற்கு மிச்சமிருந்த கடைசி வார்த்தையும் அந்தத் தட்டோடு காலியானது. அன்பினால்தான் செய்தார் அந்த மனிதர். அதைவிடக் கொடுமையாக வேறு யாரும் செய்திருக்க முடியாது.

போகும்போது எல்லாரும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டாயம் மறுபடி வருகிறோம், குடும்பத்தோட வருகிறோம் என்றார்கள். படியிறங்கித் திருப்பம் தாண்டியதும் யாரோ காறித் துப்புகிற சத்தம் கேட்டது.

பானையைக் கவிழ்த்தபோது அடியில் கரி தகடாகப் பெயர்ந்து வந்தது. அதை வைத்துக்கொண்டு மாஸ்டர் கத்தினார்.

"எத்தனை நாளா?"

"காய்ச்சல் விட்டு எந்திரிச்ச அன்னைக்கே."

"அப்புறம் எதை வச்சுடி பரவாயில்லன்னு சொன்னே? தினம் தினம்?"

"உங்களை வச்சுதான்" என்றாள். அவளுக்கும் கோபம் வந்தது. "உங்க கை தப்பாதுன்னு நெனச்சேன். என் நாக்கு போச்சுன்னா உங்களுக்கு ஒண்ணும் இல்லையே, நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன். சொன்னா அடுப்படியில நிக்கிற தைரியம் உங்களுக்குப் போயிடுமேன்னு... எப்பவும் சொல்றதைத்தானே சொன்னேன்! நீங்க ஏன் சொல்லல?"

"உன் நாக்கு இருக்குன்னு நெனச்சேன்."

ஆளுக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். உயர நாற்காலி மேசையின் கோடியில் அப்படியே நின்றது.

"கட்டடத்துக்காரர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் கடைசியில்.

"நான் சொல்லிடறேன்."

"நாம எங்க போறது?"

காலையிலிருந்து அவள் பட்டினி என்பது மாஸ்டருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து போய், சின்னச் சட்டியில் ஒதுக்கி வைத்திருந்த அதே தீய்ந்த குழம்பைச் சூடாக்கினார். மீந்த சோற்றைப் போட்டு, இரண்டு தட்டுகளை நீளமேசைக்குக் கொண்டுவந்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அந்த மேசையில் அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது, எப்போதும் அடுப்படியில் நின்றபடி ஆளுக்கொரு நேரத்தில் முடித்துக்கொள்வார்கள். அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

"எப்படி?" என்று கேட்டுவிட்டார். பழக்கதோஷம்.

அவள் மென்றாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல், யோசித்து, பதில் சொன்னாள்.

"சூடா இருக்கு."